பிகோனியா வாடுவது தாகத்தாலா?

கேள்வி: போன மாதம் ஊட்டியில் ஒரு நர்சரியில் பூத்துக் குலுங்கிய பிகோனியாத் தொட்டி வாங்கி வந்தேன். இரண்டே வாரத்தில் பூ உதிர்கிறது, இலையும் துவள்கிறது. காலை, மாலை தண்ணீர் விடுகிறேன், யூரியாவும் போடுகிறேன். கோடை முழுக்கப் பூக்குமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில் அந்த மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள், அம்மா.

துவண்ட செடியைக் கண்டால் தாகம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பிகோனியாவின் தண்டு சதைப்பற்றானது. கொஞ்சம் தண்ணீரைத் தானே தேக்கி வைத்துக்கொள்ளும். வேரோ நூல்போல மெல்லியது. மண் சொதசொதவென்றே கிடந்தால் காற்றில்லாமல் அழுகிவிடும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை துவளும். நாம் பதறிப்போய் இன்னொரு சொம்பு ஊற்றுவோம்! விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், காலையில், இலை நனையாமல் ஊற்றுங்கள்.

உதிர்ந்த பூவையும் கையில் எடுத்துப் பாருங்கள். பிகோனியாவில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே செடியில் தனித்தனியாக இருக்கும். இதழுக்குப் பின்னால் மூன்று சிறகோடு பச்சையாக ஒரு காய் தெரிந்தால் பெண் பூ. அதுதான் சூலகம், அதாவது விதை உருவாகும் பை. அது இல்லாதது ஆண் பூ. ஆண் பூ சீக்கிரம் உதிர்வது இயல்பு, கவலை வேண்டாம். வாடிய பெண் பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் செடி விதைக்குப் போய்விடும்.

மொட்டாகவே உதிர்ந்தால் காரணம் வெப்பம், குறிப்பாக இரவு வெப்பம். பகலில் இலை சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் சுவாசித்தலில், அதாவது உயிர் வாழ அதை எரிப்பதில், ஒரு பங்கு செலவாகிறது. இரவு சூடானால் செலவு கூடும், மொட்டுக்கு மிச்சம் இருக்காது. ஏப்ரலில் ஊட்டியின் பகலே 22, 23 டிகிரிதான். கோவையின் இரவு அதைவிடச் சூடு.

இனி, நீங்கள் வாங்கியது எந்த வகை? ரோஜாபோல அடுக்கடுக்கான பூ என்றால் ரீகர் வகையாக இருக்கலாம். யேமனின் சொகோத்ரா தீவில் 1880-ல் பால்ஃபோர் என்ற தாவரவியலாளர் கண்டெடுத்த இனத்தோடு ஆண்டீஸ் மலைக் கிழங்கு வகைகளைக் கலந்த வம்சம் அது. கோவைக் கோடையைத் தாண்டாது. நீடித்து நிற்கும் பூங்கொத்து என்று நினைத்து ரசித்துவிடுங்கள். பளபளவென்று மெழுகு பூசியதுபோல் சின்ன இலையும் சிறு பூவும் என்றால் அது மெழுகு பிகோனியா. தென் அமெரிக்க வழி வந்தது, வருடம் முழுக்கப் பூக்கும் குணம் உள்ளது. நம்பிக்கை வைக்கலாம்.

அதை வடிதுளை உள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் தொட்டிபோல் அது சூட்டை அடைத்து வைக்காது. பக்கங்களில் ஈரம் ஆவியாகி வேர் குளிரும். பழைய தொட்டியைவிட ஒரே ஒரு அளவு பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியின் மண் காய நாளாகும். காலை வெயில் எட்டு மணி வரை படட்டும், பிறகு நிழல். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். யூரியாவும் வேண்டாம்; தழைச்சத்து மிகுந்தால் இலைதான் கொழிக்கும். சாம்பல்சத்து கூடிய திரவ உரத்தைப் பாதி அளவில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள். கத்திரி வெயிலில் அதுவும் வேண்டாம்.

மே மாதம் பூ குறையத்தான் செய்யும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊருக்குள் வந்ததும் நீண்ட தண்டுகளைப் பாதியாக வெட்டுங்கள், புதுத் தளிர் விடும். வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஈர மணலில் நட்டால் வேர் பிடிக்கும்.