கலர் போட்டோவுக்குள் இருக்கும் கருப்பு வெள்ளை

இந்த மாத சுவர்ப் பத்திரிகைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு 'கருப்பு வெள்ளைப் படமா, கலர் படமா, எது அழகு?' என்பது. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் கலர்தான் என்றார்கள். "கலர்லதானே உள்ளது உள்ளபடி தெரியும், கருப்பு வெள்ளைல பாதிதான் தெரியும்" என்று ஒருத்தி சொன்னாள். அந்த 'உள்ளது உள்ளபடி' என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அது நிஜமா என்று பார்ப்போம்.

முதலில் கருப்பு வெள்ளை. வெள்ளி புரோமைடு என்ற உப்பை ஜெலட்டினில் கலந்து பிலிமில் பூசியிருப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் அந்த உப்பு கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அடையும். பிறகு டெவலப்பர் என்ற மருந்தில் போட்டால், அந்த இடத்தில் மட்டும் வெள்ளி தனியாகப் பிரிந்து கருப்பாக நிற்கும். (வெள்ளி என்றால் கொலுசு மாதிரி பளபளக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். ரொம்பப் பொடியாக இருந்தால் வெள்ளி கருப்பாகத்தான் தெரியும்.) அதனால்தான் நெகட்டிவில் நம் தலைமுடி வெளுப்பாகவும் பல் கருப்பாகவும் இருந்து பயமுறுத்துகிறது. அதைத் தாளில் பிரிண்ட் போடும்போது மறுபடி தலைகீழாகி சரியாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளி புரோமைடு நீல வெளிச்சத்தை நன்றாக உணரும். சிவப்பை உணரவே உணராது. இருட்டறையில் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு பிரிண்ட் போட முடிந்தது இதனால்தான். ஆனால் இதே காரணத்தால் அந்தக் காலப் படங்களில் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். சிவப்புச் சேலை கருப்புச் சேலையாகிவிடும். குங்குமப் பொட்டு எது, மைப் பொட்டு எது என்று சொல்ல முடியாது. மாநிறமான முகம் இருப்பதைவிட இன்னும் கருத்துப் போய் விழும். 1873-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் வோகல் என்பவர், பூச்சோடு சில சாயங்களைச் சேர்த்தால் மற்ற நிறங்களையும் உணர வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் உணரும் தட்டுகள் 1906-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. ஆக, பழைய கருப்பு வெள்ளைப் படம் உள்ளதை உள்ளபடி காட்டவில்லை. சரி, கலராவது காட்டியதா?

முதல் கலர் போட்டோவே மூன்று கருப்பு வெள்ளைப் படங்களால் ஆனதுதான்! 1861-ல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் (மின்காந்த அலைகளைப் பற்றிச் சொன்ன அதே விஞ்ஞானி) ஒரு கட்டம் போட்ட ரிப்பனைக் காட்டினார். தாமஸ் சட்டன் என்ற புகைப்படக்காரர் அந்த ரிப்பனை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியாக எடுத்துக் கொடுத்திருந்தார். அந்த மூன்று படங்களையும் அதே நிற வெளிச்சத்தில் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வைத்ததும் ரிப்பன் கலரில் வந்தது. ஆனால் அந்தக் காலத் தட்டுக்குத்தான் சிவப்பு தெரியாதே, அப்புறம் எப்படி? நூறு வருஷம் கழித்து 1961-ல் கோடாக் கம்பெனி ஆய்வாளர்கள் செய்து பார்த்துச் சொன்னார்கள். ரிப்பனின் சிவப்புச் சாயம் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. தட்டில் பதிந்தது அதுதான். எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படித்ததிலேயே இதுதான் ரொம்பப் பிடித்தது.

1935-ல் வந்த கோடாக்ரோம் பிலிமிலும் இதே கதை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வெள்ளி உப்புப் பூச்சு. ஒவ்வொன்றும் ஒரு நிற வெளிச்சத்துக்கு. கழுவும்போது அந்தந்தப் பூச்சில் சாயம் உண்டாகும், வெள்ளியை எடுத்துவிடுவார்கள். நம் வீட்டு செல்போன் கேமராவும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சில்லுக்கு வெளிச்சம் கூடவா குறைவா என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு குட்டி வடிகட்டி. கணக்குப் போட்டு நிறத்தைச் சேர்ப்பது பிறகு நடக்கும் வேலை.

கணக்குப் போட்டுச் சேர்ப்பது என்றால், எது சரியான நிறம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும் இல்லையா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1950-களில் இருந்து கோடாக் கம்பெனி, கலர் பிரிண்ட் போடும் இடங்களுக்கு ஒரு பெண்ணின் படம் உள்ள அட்டையை அனுப்பியது. அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் முகம் சரியாக வந்தால் மிஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெண் வெள்ளைக்காரப் பெண். பிலிமும் அந்த நிறத்துக்கே பொருந்தி வந்தது. அதனால் அமெரிக்கப் பள்ளிக்கூட குரூப் போட்டோக்களில் வெள்ளைப் பிள்ளைகள் முகம் தெளிவாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் கருப்புப் பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் லோர்னா ராத் 2009-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். அம்மாக்கள் புகார் சொன்னார்களாம். அதைவிட, சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேஜை விற்பவர்களும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை' என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமை மாற்றும் வேலை வேகமானது என்று படித்தேன். சாக்லேட்டுக்காக மாற்றினார்கள்! பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது.

நான் கருப்பு. போன வருஷம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்த இடத்தில், கேட்காமலே கம்ப்யூட்டரில் என் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். சட்டை நிறமும் சேர்ந்து வெளுத்துவிட்டது. கலரில் உள்ளது உள்ளபடி தெரியும் என்று சொன்னவளிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். "இது யாருடி?" என்றாள்.

அப்படியானால் எது அழகு? படத்தைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லா (1913–2012). நேரு புறாவைப் பறக்கவிடும் அவருடைய கருப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். தூக்கிய கை, பறக்கும் சிறகு, நேருவின் முகம். அவ்வளவுதான் நம் கண்ணில் படும், பின்னால் எந்தக் கலரும் வந்து கையைப் பிடித்து இழுக்காது. ஆனால் 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினால் கெட்டுப்போகும். பச்சைக் கண்ணும் சிவப்பு முக்காடும்தான் அந்தப் படம். துக்கம் என்றால் கருப்பு வெள்ளை, சந்தோஷம் என்றால் கலர் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எது ரொம்ப நாள் இருக்கும் என்று கேட்டால் மட்டும் பதில் சுலபம். நன்றாகக் கழுவிய கருப்பு வெள்ளை பிரிண்ட்டில் இருப்பது வெள்ளி, லேசில் போகாது. கலர் பிரிண்ட்டில் இருப்பது சாயம். சேலைச் சாயம் போவது போல இதுவும் போகும். 1970, 80-களில் எடுத்த கல்யாண ஆல்பங்கள் பல செம்மண் நிறமாகிவிட்டதற்குக் காரணம், மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப்போனது. வெயில் படும் சுவரில் கலர் போட்டோ மாட்டாதீர்கள்.

செய்து பாருங்கள்: மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை ஒரு கண்ணில் வைத்து, மற்றக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பச்சை இலை கருப்பாகிவிடும். காலாண்டு விடைத்தாளைப் பார்த்தால், நாம் நீல மையில் எழுதியது கருப்பாக அப்படியே இருக்கும், சிவப்பு மையில் போட்ட மார்க் மட்டும் காணாமல் போய்விடும்.