வெளுத்த வானத்துக்கு விலை கொடுக்காதீர்கள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்து நிலக்காட்சி நீர்வண்ண ஓவியங்களைச் சேகரிக்க இறங்குகிறவர்கள் மூலையில் உள்ள கையெழுத்திலேயே கண்ணை வைக்கிறார்கள். எனக்கு வானத்தின் நிறம்தான் முதல் சாட்சி. அந்தக் கால ஓவியர்கள் பலர் மேகத்தின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தோடு செம்மண் நிறத்தைக் கலந்தார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு அவுரி வெளுத்துவிடும், செம்மண் நிற்கும். நடுப்பகல் வானம் அந்தி வானம்போலச் சிவந்து தெரியும். ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் 1888-இல் தந்த அறிக்கை இந்த வெளுப்பைச் சோதனை செய்தே காட்டியது. ஆகவே சட்டத்தைக் கழற்றச் சொல்லி, சுற்று அட்டையின் அடியில் மறைந்திருந்த ஓரத்தைப் பாருங்கள். அங்கே நீலம் பளிச்சென்றும் நடுவில் மங்கியும் இருந்தால் தாராளமாகப் பேரம் பேசலாம்.

பெரிய பெயரென்றால் வெளுத்தாலும் மதிப்புண்டே என்பார்கள். உண்டுதான், ஆனால் பெயரைப் போடுவது சுலபம். மைல்ஸ் பர்க்கெட் ஃபாஸ்டரின் கூட்டெழுத்து முத்திரை எத்தனையோ போலிகளில் இருக்கிறது. பழுதுபார்த்தால் சரியாகிவிடும் என்பதும் அரை உண்மை: பழுப்புப் புள்ளிகளையும் அமில அட்டை விட்ட கறையையும் ஓரளவு நீக்கலாம், போன நிறம் போனதுதான். எல்லாப் புள்ளியும் கறையல்ல. டேவிட் காக்ஸ் 1836 முதல் விரும்பிப் பயன்படுத்திய முரட்டுப் பொட்டலக் காகிதத்தில் துகள்கள் பிறவியிலேயே உண்டு; அதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்பவரிடம் படத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கியதை வெயில் எட்டாத சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் இவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சம்தான் தருகின்றன.