சிறு கால்களின் வழி

நுழையும்முன்

இலையும் பூவும் பறவையும் படங்களாக மட்டுமே சிறுவர்க்கு அறிமுகமாகும் காலம் இது. கண்டும் கேட்டும் தொட்டும் அறிந்த பொருளே நெஞ்சில் சொல்லாக நிலைபெறும். குழந்தைகளோடு வயல்வெளியில் நடக்கும் எளிய நடை மொழியையும் அறிவையும் அறத்தையும் ஒருங்கே பயிற்றுவதை இப்பாடம் காட்டுகிறது.

தை விடுமுறையில் ஒருமுறை, சென்னையில் வாழும் என் தங்கையின் மக்கள் இருவர் சிவகங்கை மாவட்டத்திலுள்ள எங்கள் சிற்றூருக்கு வந்திருந்தனர். மூத்தவளுக்கு ஆறு வயது. இளையவனுக்கு நான்கு வயது. வெயில் தாழ்ந்தபின் அவர்களைக் கண்மாய்க்கு அழைத்துச் சென்றேன். வட மாவட்டத்தார் ஏரி என்பதையே நாங்கள் கண்மாய் என்போம். அவ்வாண்டு நல்ல மழை. கண்மாய் நிறைந்து, மிகுநீர் கலுங்கின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கலுங்கை அவர்களுக்குக் காட்டுவதே என் எண்ணம்.

குனிந்து காணும் உலகம்

தெருமுனையைத் தாண்டுவதற்குள் இளையவன் குந்தி அமர்ந்துவிட்டான். “வா, தண்ணீர் பார்க்கப் போவோம்” என்றேன். “மாமா, இங்க பாருங்க, மண்ணுக்குள்ள யாரோ இருக்காங்க” என்றான். பழைய சுவரோரத்தின் காய்ந்த மணலில் புனல் வடிவச் சிறு குழிகள் பல இருந்தன. அவை குழியானையின் குழிகள். அப்பூச்சி குழியின் அடியில் மறைந்திருந்து, சரிந்து விழும் எறும்பைப் பற்றி உண்ணும். வளர்ச்சி முற்றியபின் தட்டானை ஒத்த மெல்லிய சிறகுகளைப் பெற்றுப் பறந்துவிடும்.

அவ்வழியே பல்லாண்டுகள் நடந்தவன் நான். ஆயினும் என் சிறுவயதிற்குப் பின் அன்றுதான் அங்குக் குனிந்து பார்த்தேன். பெரியவர்க்கு நடை என்பது ஓர் இடத்தைச் சென்றடைவது. குழந்தைக்கோ வழி முழுவதும் சென்றடைந்த இடமே. ஆகவே குழந்தையோடு நடப்பவர் தொலைவைக் குறைத்து, நேரத்தைப் பெருக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

பொருளும் சொல்லும்

வழியில் கரும்புத் தோட்டமும் பனைகளும் இருந்தன. கரும்பினுடையது தோகை என்றும், பனையினுடையது ஓலை என்றும் கூறினேன். “எல்லாமே இலைதானே, மாமா?” என்றாள் மூத்தவள். இரண்டையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். தோகையின் விளிம்பு விரலில் உரசியது. காய்ந்து விழுந்திருந்த பனையோலை சலசலத்தது. வேறு வேறு சொற்கள் ஏன் வேண்டும் என்பதை அவள் விரல்களும் செவிகளுமே அறிந்துகொண்டன.

சிறிது தொலைவு சென்றதும், “இது என்ன மாமா, ஒட்டிக்கிச்சு?” என்று தன் பாவாடையைக் காட்டினாள். கூரிய சிறு விதைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அச்செடியை நான் அறிவேன். பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “நாயுருவி தம்பி. ஆட்டு மேலயும் ஆளு மேலயும் ஒட்டிக்கிட்டு அடுத்த ஊரு வரைக்கும் போயிரும்” என்றார். பெயரோடு, விதை பரவும் முறையையும் ஒரே தொடரில் கற்பித்துவிட்டார் அவர்.

எனக்கு நாணமாக இருந்தது. நான் மறந்த பெயரை அம்மூதாட்டி அறிந்திருந்தார். அவரும் அங்கு இல்லாதிருந்தால் குழந்தையின் வினா விடையின்றியே முடிந்திருக்கும். விடை கிடைக்காத வினாக்களைக் குழந்தைகள் நெடுநாள் கேட்டுக்கொண்டிரார். கேட்பாரின்றிப் போகும் சொல், அகராதியில் இருந்தும் வாழ்வில் இல்லாததாகிவிடும்.

காக்கும் அறிவு

வேலியில் குன்றிமணிக் கொடி படர்ந்திருந்தது. செம்மையும் கருமையும் கலந்த அதன் விதைகள் சிறுவரை ஈர்ப்பவை. மென்று விழுங்கினால் உயிருக்கே கேடு விளைவிப்பவை. எருக்கின் பால் கண்ணில் படலாகாது. வளைகளில் கைவிடுதலும் நீர்விளிம்பில் தனியே இறங்குதலும் கூடா. “தொடாதே” என்னும் தடை அச்சத்தை மட்டுமே தரும். அதன் காரணத்தையும் சேர்த்துக் கூறினால் அறிவைத் தரும். இளையவனின் கையைப் பற்றிக்கொண்டே இவற்றைச் சொன்னேன். சிறு குழந்தைக்கு அறிவுரையோடு பெரியவரின் கையும் வேண்டும்.

பிறவுயிர்க்கும் இடம்

கரையேறியபோது கதிரவன் மறையத் தொடங்கினான். கொக்குகள் கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களில் வந்து அடைந்தன. இளையவன் மகிழ்ந்து கைதட்ட, ஒரு மரத்துப் பறவைகள் முழுவதும் எழுந்து கலைந்தன. “கத்தாதடா, அதுங்க தூங்க வந்திருக்கு” என்று மூத்தவள் அவன் கையைப் பிடித்தாள். அதனை நான் கற்பிக்கவில்லை.

எங்கள் மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வூர்ச் சிறுவர்களும் அதற்கு உடன்படுகின்றனர். நாள்தோறும் காணும் பறவைக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தல் அவர்களுக்கு இயல்பாகிவிட்டது. அறிமுகமில்லாத உயிரிடத்து அன்பு தோன்றுதல் அரிது.

இருட்டத் தொடங்கியதால் கலுங்கைக் காணாமலே திரும்பினோம். மறுநாள் காலையில் பழைய சுவரோரத்தில் இளையவன் குந்தியிருந்தான். அருகில் என் தங்கையும் குனிந்திருந்தாள். “சத்தம் போடாமப் பாருங்கம்மா, குழியானை” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

தெரிந்து தெளிவோம்

புறத்தே வைரம் உடையவற்றைப் ‘புல்’ என்றும், அகத்தே வைரம் உடையவற்றை ‘மரம்’ என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. இதன்படி பனையும் தென்னையும் புல்லினத்தைச் சாரும். இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் அடக்குகிறது. பனை, தமிழ்நாட்டின் மாநில மரமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஒட்டும் விதை, பறக்கும் விதை, வெடிக்கும் விதை உடைய செடிகளைக் கண்டறிந்து, அவற்றின் வட்டார வழக்குப் பெயர்களைத் தொகுக்க.
2. இலை, ஓலை, தோகை, மடல் ஆகிய சொற்கள் எவ்வெத் தாவரங்களுக்கு உரியன என்பதை அட்டவணைப்படுத்துக.
3. உங்கள் வீட்டுக் குழந்தையோடு அரைமணி நேரம் நடந்து, அக்குழந்தை கேட்ட வினாக்களை எழுதி, வகுப்பறையில் அவற்றுக்கு விடை காண்க.