இடது காலுக்குத்தான் ஓய்வு

பர்லியாறு பழக்கடைகளுக்குக் கொஞ்சம் மேலேயே அந்த வாடை வந்துவிட்டது. கருகிய ரப்பரும் காய்ந்த இரும்பும் கலந்த வாடை. என் மைத்துனன் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத வண்டி, ஏஎம்டி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது போட்ட 'டி'யிலேயே கியர் லிவர் இருந்தது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக், வளைவுக்குள் பிரேக், நேரான இறக்கத்திலும் பிரேக்.

"மாப்ள, ஓரங்கட்டு" என்றேன்.

"ஆட்டோமேட்டிக் மாமா, அதுவே பாத்துக்கும்" என்றான்.

அது பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனதும் அவன் முகம் மாறியது. இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தோம். சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலை எடுத்தவனைத் தடுத்தேன். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகலாம், காற்றிலேயே ஆறட்டும். அப்போது அவனிடம் சொன்னதையும், அவன் வண்டி வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,400 மீட்டர். ஆட்களும் பெட்டிகளுமாக 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால் ஐந்து யூனிட் மின்சாரம் வரும். 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் டயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை என்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். குறைந்த கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்கள்தான் என்ஜினைச் சுழற்றியாக வேண்டும்; அந்தப் பாரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மேல் கியரில் இருந்தால் அந்தப் பிடி இல்லை, முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக் பேடு பிடிக்காமல் வழுக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி மிதி பஞ்சு மாதிரி அமுங்கும்.

எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். ஆட்டோமேட்டிக்கில் இந்தப் பாடம் ரத்தாகிவிடுவதில்லை. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்கள் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் அழுத்தத்தையும் பார்த்தே கியரைத் தீர்மானிக்கின்றன. இறக்கத்தில் காலை எடுத்தால், வேகம் கூடுகிறது, ஓட்டுபவர் இழுவை கேட்கவில்லை என்று புரிந்துகொண்டு மேல் கியருக்குப் போய்விடும். நமக்கு அப்போது வேண்டியது நேர் எதிரானது. இறக்கத்தை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டி அப்படிச் செய்யுமா என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பி இறங்கக் கூடாது.

எனவே ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா என்ற கேள்வியை, என் இடது காலுக்கு எங்கே ஓய்வு வேண்டும், என் வண்டி எங்கே ஏறி இறங்கப்போகிறது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் கேள்விக்கான பதில் நகரத்தில் இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் போரூரிலிருந்து சிறுசேரிக்குப் போகிறவரிடம் மேனுவலின் பெருமையைப் பேசி நான் நேரத்தை வீணடிக்க மாட்டேன். முதல் கியர், இரண்டடி, கிளட்ச், நியூட்ரல், மறுபடி முதல் கியர். ஒரு மணி நேரம் இப்படிப் போனால் முழங்கால் வலி வீடுவரை வரும். தினமும் இந்தப் பாடு படுகிறவர்களும், முட்டி தேய்ந்த பெரியவர்களும் கூடுதல் பணம் கொடுத்து ஆட்டோமேட்டிக் வாங்குவது ஆடம்பரமே அல்ல.

ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு பொருள்களை விற்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது ஏஎம்டி. 2014இல் மாருதி செலேரியோவில் இது வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு ஆட்டோமேட்டிக் எட்டியது. இன்று வேகன் ஆர், டிசையர், டியாகோ, பஞ்ச் என்று பல வண்டிகளில் கிடைக்கிறது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், அதே கிளட்ச் பிளேட்தான். உங்கள் காலும் கையும் செய்வதை ஒரு சிறிய இயந்திரக் கை செய்கிறது. அதனால் மேனுவலைவிட விலை சுமார் ஐம்பதாயிரம் ரூபாய்தான் கூடும், மைலேஜும் ஏறக்குறைய அதேதான். குறை எதுவென்றால், கியர் மாறும் அரை நொடியில் இழுவை விட்டுப்போய்த் தலை ஒருமுறை முன்னே ஆடும். ஒன்றிலிருந்து இரண்டு மாறும் கணத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், அந்த ஆட்டம் பெரும்பாலும் காணாமல் போகும். ஒரு வாரத்தில் பழகிவிடும். லாரியை முந்தும்போது மட்டும் அந்த அரை நொடியைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே லிவரை 'எம்' என்ற மேனுவல் நிலைக்குத் தள்ளி ஒரு கியர் குறைத்துக்கொண்டு முந்துவது பாதுகாப்பு.

ஏஎம்டியைக் கெடுக்கும் பழக்கம் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல். வண்டி பின்னால் உருளாமலிருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே நிற்கிறார்கள் பலர். அப்போது உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்ந்துகொண்டிருக்கிறது. மேனுவலில் ஹாஃப் கிளட்ச்சில் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை; இங்கே கால் வலிக்காததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள், நேரமானால் ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் பழைய, நம்பகமான வகை. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ரா-மாட்டிக்தான் பெருமளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெயை வைத்து விசையைக் கடத்தும் அந்த வழி இன்றும் தொடர்கிறது. பிரெஸ்ஸா, எர்டிகா போன்றவற்றில் இருப்பது இதுதான். பிரேக்கை விட்டதும் வண்டி தானே மெல்ல ஊர்ந்து கிளம்பும். நெரிசலில் வலது காலை பிரேக்கிலேயே வைத்து ஊர்ந்துகொண்டிருக்கலாம், தேய்வதற்கு அங்கே உராய்வு கிளட்ச் இல்லை. ஏற்றத்தில் கிளம்புவதற்கும் இதைப்போல் மிருதுவானது வேறில்லை. விலையும் பெட்ரோல் செலவும் ஏஎம்டியைவிடக் கூடுதல். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

சிவிடி வண்டியில் கியர் மாறுவதே தெரியாது, ஏனென்றால் மாறுவதற்குப் பல்சக்கரங்களே கிடையாது. அகலம் மாறும் இரண்டு புல்லிகளும் நடுவே ஒரு எஃகுப் பட்டையும்தான். 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர் பட்டையோடு கொண்டுவந்த யோசனை இது. ஹோண்டா சிட்டியில் ஓட்டிப் பார்த்தால் நகரத்தில் எவ்வளவு சுகம் என்று புரியும். அழுத்தி மிதித்தால் மட்டும் என்ஜின் சத்தம் முதலில் எழும்பி, வேகம் பின்னால் வரும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

டிசிடி இரண்டு கிளட்ச் கொண்டது. அடுத்த கியரை முன்பே தயாராக வைத்திருப்பதால் மாற்றம் மின்னல் வேகத்தில் நடக்கும். நெடுஞ்சாலைப் பிரியர்களுக்கு ஏற்றது. விலையும் பழுதுபார்க்கும் செலவும் அதிகம். கிளட்ச் எண்ணெயில் நனையாத வகையென்றால் இன்ச் இன்ச்சாக நகரும் நெரிசலில் சூடேறும். தினமும் கத்திப்பாராவில் நிற்கிறவர் இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கிளட்ச் மிதி மட்டும் இல்லாமல், கியரை நாமே போடும் ஐஎம்டி என்ற ஒன்றும் 2020இல் ஹூண்டாய் வெனியூவில் வந்தது. இடது காலுக்கு ஓய்வு வேண்டும், கியர் கையிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

மேனுவலை நான் இன்னும் விரும்புகிறேன். கூடலூரிலும் வால்பாறையிலும் இருக்கிறவர்களுக்கு, கையில் பணம் அளவாக உள்ளவர்களுக்கு, பக்கத்து ஊர் மெக்கானிக்கை நம்பி வாழ்கிறவர்களுக்கு அதுவே சரி. பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. ஆனால் மேனுவலையும் ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் குறைவு. சிக்னலில் முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை மிதித்தபடியே முழுச் சிவப்பையும் கழிப்பது, ஓடும்போது இடது காலை கிளட்ச் மீதே சாய்த்து வைப்பது, கையை கியர் லிவரில் தொங்கவிடுவது எல்லாம் உள்ளே எதையாவது தேய்க்கும். மைலேஜுக்காக முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் தடதடக்க விடுவதும் என்ஜினுக்குத் தண்டனைதான். தடதடப்பு கேட்டால் கியரைக் குறைக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை அழுத்தக் கூடாது.

இறக்கத்தில் நியூட்ரல் அடித்து இறங்குவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக விட்டால் எரிபொருள் பாய்வது தானே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. சாவியை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி அதோடு போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இறங்கும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றேதான், பொத்தான்தான் வேறு. மேனுவலில் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர். வளைவுக்குள் கிளட்ச்சைத் தொடக் கூடாது. ஏஎம்டியில் லிவரை 'எம்'முக்குத் தள்ளி இரண்டில் நிறுத்துங்கள். சிவிடியிலும் டார்க் கன்வெர்ட்டரிலும் 'எல்', 'எஸ்', '2' என்று ஏதாவது ஒன்று இருக்கும், அல்லது ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்டர் இருக்கும். என்ஜின் சத்தம் எழும்பும். பயப்பட வேண்டாம், அது உங்களுக்காக உழைக்கிற சத்தம். பிரேக்கை லேசாக வெகுநேரம் தேய்க்காமல், தேவையான இடத்தில் அழுத்திப் பிடித்து முழுதாக விடுங்கள். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குகிறவரின் கடமை.

மேனுவலிலிருந்து மாறுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து இடது கால்தான். அவசரத்தில் அது கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். முதல் சில நாள் காலியான மைதானத்தில் பழகுங்கள். இடது காலைப் பின்னுக்கு இழுத்து வைத்து, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது காலை மட்டும் பயன்படுத்துங்கள். 'டி'யிலிருந்து 'ஆர்' போடும்போது வண்டி முழுதாக நின்றிருக்க வேண்டும். நிறுத்தும்போது நேரே 'பி'க்குத் தள்ளினால் வண்டியின் எடை முழுவதும் கியர் பாக்ஸுக்குள் உள்ள ஒரு சிறிய இரும்புப் பல்லின் மீது தொங்கும். பிரேக்கைப் பிடித்தபடி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிறகு 'பி' என்று போனால் அந்தச் சுமை ஹேண்ட் பிரேக்குக்குப் போகும். பல ஏஎம்டிகளில் 'பி'யே கிடையாது. ஹேண்ட் பிரேக்கை மறக்கவே கூடாது.

புதிதாகக் கற்கும் பிள்ளைகளை மேனுவலிலேயே பழக்குங்கள் என்பேன். சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்கில் தேர்ச்சி பெற்றவருக்கு 3ஏ உரிமம்தான், அதை வைத்து மேனுவல் ஓட்ட முடியாது. நம் கார் உரிமத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஆட்டோமேட்டிக் மட்டுமே தொட்டவர் கையிலும் சட்டப்படி மேனுவலின் சாவி வந்து சேரலாம் என்பதால், பழக்குவது வீட்டாரின் பொறுப்பாகிறது.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்றால் நேரான சாலையில் ஒரு சுற்று காட்டி அனுப்பிவிடுவார்கள். சம்மதிக்காதீர்கள். உங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சரிவுக்குக் கொண்டுபோய், பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். பிரேக்கை விட்டதும் எவ்வளவு உருள்கிறது, பிடித்து நிறுத்தும் வசதி உண்டா, உண்டென்றால் எத்தனை நொடி நிற்கிறது என்று அங்கேதான் தெரியும். வீட்டில் வண்டியை அதிகம் ஓட்டப்போகிறவர் யாரோ அவரையே ஓட்டச் சொல்லுங்கள். பழைய ஆட்டோமேட்டிக் வாங்குவதானால் என்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போய், 'டி'யும் 'ஆரும்' போட்டதும் தாமதமோ உதறலோ இல்லாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.