சூப்பர்வைசர் பதவியும் சுவிட்ச் ரூம் சாவியும்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஈப்போவைச் சுற்றி இதே கேள்வியைச் சுமந்துகொண்டு திரியும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். உன் பெயரையும் ஆலையின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பொலிடெக்னிக் உங்கு ஓமாரில் மின் பொறியியல் டிப்ளோமா. இன்னும் இரண்டு பருவம் பாக்கி. தாசேக்கில் நீ பகுதி நேரமாகப் போகும் ஆலையில், பராமரிப்புப் பிரிவுக்கு உன்னைச் சூப்பர்வைசராகப் போடுகிறோம், மாதம் 2,500 வெள்ளி, அடுத்த மாதமே முழுநேரமாக வந்துவிடு என்கிறார்கள். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பா வாயே திறக்கவில்லை. இதுதானே சங்கதி?

படிப்பை முடி. அதுதான் என் பதில். கல்வியே செல்வம் என்று பரிசளிப்பு விழாவில் பேசுகிறவர்கள் சொல்லும் காரணத்துக்காகச் சொல்லவில்லை. டிப்ளோமாவைச் சுவரில் மாட்டிவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களை நீயும் பார்த்திருப்பாய், நானும் பார்த்திருக்கிறேன். என் காரணம் வேறு.

உன் ஆலையின் மெயின் சுவிட்ச் ரூமுக்குள் எட்டிப் பார்த்திருப்பாய். பேனலுக்கு முன்னால் தரையில் ரப்பர் பாய், சுவரில் சிங்கிள் லைன் வரைபடம், மேசையில் லாக் புக், பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட சார்ஜ்மேன் சான்றிதழின் நகல். இரவு இரண்டு மணிக்கு மெயின் பிரேக்கர் ட்ரிப் ஆனால், அந்தச் சட்டத்துக்குள் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள். அவர் வந்து, லைனைப் பிரித்து, பூட்டைப் போட்டு, அட்டையைத் தொங்கவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். சூப்பர்வைசர் என்று சட்டையில் தைத்துக்கொண்டு நிற்பவரும் அதுவரை வெளியேதான் காத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை ஆலை கொடுப்பதில்லை. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளின்படி சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுக்கிறது. 1,000 வோல்ட்டுக்குள் ஏ வகை, அதற்கு மேல் பி வகை. ஆலை மூடினாலும் கைமாறினாலும் அது உன்னோடு வரும். சூப்பர்வைசர் பதவி ஆலை கேட்டுக்கு வெளியே வராது.

இதைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை. உன் தாத்தா ரப்பர்ப் பால் வெட்டிய காலத்தில் வெட்டுக்காரர் ஏறக்கூடிய ஒரே படி கங்காணி வேலைதான். பொழுது விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார், நிரை பிரித்துக் கொடுப்பார், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பார். லயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களைத் துண்டு போடத் தொடங்கியபோது வேலையோடு வீடும் போனது. சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கக் கிளம்பியது அதனால்தான். அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், செம்பனையை அழித்துத் தாமான் கட்டினார்கள். (1877இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில் நட்டதென்று சொல்லும் ரப்பர் மரம் ஒன்றை கோலகங்சாரில் இன்றும் வேலி போட்டுக் காக்கிறார்கள். லயத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.) தோட்டம் போன பிறகு, லைசன்ஸ் வைத்திருந்த லாரி டிரைவர் வெளியே வேலை தேடிக்கொண்டார். கங்காணிக்கு என்ன தெரியும் என்று கேட்டால் காட்டுவதற்குத் தாள் இல்லை. அத்தனை வருட அனுபவமும் தோட்டத்துக்குள்ளேயே செல்லுபடியாகிற அனுபவம்.

சாமிவேலுவின் கதையை உன் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். 1974 முதல் 2008 வரை நம் சுங்கை சிப்புட் தொகுதி எம்.பி.யாக இருந்தவர், கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் எடுபிடியாகத்தானே ஆரம்பித்தார், படித்துவிட்டா வேலைக்குப் போனார் என்று கேட்டிருக்கிறார். அரசியல் எப்படியோ இருக்கட்டும், கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. வேலை பார்த்துக்கொண்டே படித்து, அந்த மனிதர் முறையாகத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞராக ஆனார். எடுபிடியாகவே சீனியர் ஆகியிருந்தால் இன்று உன் சித்தப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்காது.

இப்போது அந்த 2,500ஐப் பார்ப்போம். வேலை நியமனக் கடிதத்தின் படத்தை அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. ‘இந்தச் சம்பளத்தில் ஓவர்டைமும் அடங்கும்’ என்ற வரியை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. உன் பக்கத்தில் நின்று வேலை செய்யும் டெக்னீஷியனுக்கு 2,000 வெள்ளி. அதை 26ஆல் வகுத்து, பிறகு 8ஆல் வகுத்தால் மணிக்கு 9 வெள்ளி 62 காசு. ஒன்றரை மடங்கு 14 வெள்ளி 42 காசு. மாதம் 40 மணி நேரம் ஓ.டி. செய்தால் கிட்டத்தட்ட 577 வெள்ளி. ஆக அவர் கையில் 2,577, சூப்பர்வைசர் கையில் 2,500. மெஷின் நின்றால் திட்டு வாங்குவதும் சூப்பர்வைசர்தான்! 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, மாதம் 4,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குகிறவருக்குப் பதவியின் பெயர் எதுவானாலும் ஓ.டி. உண்டு. அந்த வரி இருக்கும்வரை கையெழுத்துப் போடாதே.

அதே திருத்தத்தில் உனக்குப் பயன்படும் இன்னொன்றும் இருக்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளைக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வாயால் கேட்டால் வாயால் மறுப்பார்கள். தாளில் கேட்டால் எச்.ஆர். கொஞ்சம் யோசிக்கும். டிப்ளோமா முடியும்வரை சனி, ஞாயிறும் இரவு ஷிப்டும் பார்க்கிறேன், முடித்ததும் பதவியை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுது. உன்னை உண்மையிலேயே வேண்டும் என்றால் ஒரு வருடம் பொறுப்பார்கள். பொறுக்க மாட்டோம் என்றால், அவர்களுக்கு வேண்டியது உன் திறமையா, மலிவாகக் கிடைக்கும் ஆளா என்பது உனக்கே தெரிந்துவிடும்.

பருவத்தைத் தள்ளிவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். விண்ணப்பிக்கலாம். நான் பார்த்தவரையில் தள்ளிவைத்துப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. முதல் மாதம் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை எடுப்பாய், மூன்றாம் மாதம் தங்கையின் செலவு வரும், அப்புறம் வகுப்புக்குப் போக மனசு வராது. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் மட்டும் நீ பாதியில் நின்றாலும் நிற்காது. ரிலே, எர்த்திங், டெஸ்டிங் எல்லாம் இப்போது கையோடு படிப்பதும், குடும்பம் குட்டி என்று ஆன பிறகு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பதும் ஒன்றல்ல. பின்னாளில் சார்ஜ்மேன் தேர்வுக்கு உட்காரும்போது இது புரியும்.

ஆனால் அப்பா வாய் திறக்காததுதான் எனக்கு உறுத்துகிறது. அவருக்கு உடம்பு முடியவில்லையா, வீட்டுக் கடன் ஏதாவது நெருக்குகிறதா என்று உட்கார்ந்து கேள். வீட்டில் அடுப்பெரிய உன் சம்பளம் இப்போதே வேண்டும் என்ற நிலை என்றால் வேலையை எடுத்துக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி எடுத்தால் ஓ.டி. வரியை நீக்கச் சொல். சார்ஜ்மேன் வகுப்புக்கும் தேர்வுக்கும் கம்பெனி விடுப்பும் கட்டணமும் தரும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கு. வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் ஏபெல் வழியில் 21 வயதுக்குப் பிறகு பட்டப்படிப்புக்கே விண்ணப்பிக்கலாம் என்பதையும் மனதில் வை. பாதை சுற்றுதான், ஆனால் அடைபடவில்லை.

மேனேஜரைப் பார்க்கத் திங்கட்கிழமை காலையில் போகாதே. வார இறுதியில் நிறுத்திய மெஷின்கள் எல்லாம் அன்றைக்குத்தான் மக்கர் பண்ணும், மனிதர் பேச்சைக் கேட்கிற நிலையில் இருக்க மாட்டார். புதன்கிழமை, பசியாறி முடிந்த நேரம் பார்த்துப் போ. கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்