எப்போது கசிகிறது என்று கேளுங்கள்

பழைய வீட்டில் சுவர் ஊறினால் முதலில் பெயின்டரைத்தான் கூப்பிடுகிறோம். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளித்து, கை பட்டால் உதிரும். அடுத்து கொத்தனார் வருவார். ஈரம் தெரிகிற இடத்தில் உடைத்துப் பார்ப்பார். அங்கே குழாயே இருக்காது. தண்ணீர் புறப்படும் இடம் ஒன்று, வெளியே தலைகாட்டும் இடம் வேறொன்று. தளத்தின் மேலே ஓடி, கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இறங்கி, பத்தடி தள்ளிக்கூட வெளியே வரும். அதனால் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றைத்தான் சொல்கிறேன்: எங்கே கசிகிறது என்று தேடும் முன், எப்போது கசிகிறது என்று கவனியுங்கள்.

நங்கநல்லூரில் நாங்கள் இருப்பது என் மாமனார் எழுபதுகளில் கட்டிய வீடு. அந்தக் கால வழக்கப்படி எல்லாம் ஜி.ஐ. பைப், எல்லாம் சுவருக்குள். எந்தச் சுவரில் எந்த லைன் போகிறது என்பதற்கு வரைபடம் கிடையாது. தெரிந்தவர் மாமனார் ஒருவர்தான். அவரும் இப்போது இல்லை. பிறகு மாடி எழும்பியது, போர் போட்டோம், கீசர் வந்தது, ஏ.சி. வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பிளம்பர் பழைய லைனில் ஒரு 'டீ' போட்டுப் புது லைன் இழுத்தார். நாற்பது, ஐம்பது வருடமான வீடுகளில் பலவற்றின் கதை இதுதான். இப்படிப்பட்ட வீட்டில் யோசிக்காமல் சுத்தியலை எடுத்தால் எத்தனை சுவர் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சமையலறையின் பின்சுவர் ஊறியபோது வந்த பிளம்பர், எங்கள் தெருவுக்கே பல காலமாக வேலை பார்ப்பவர். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டார்.

"மழை இல்லாத நாள்லயும் ஈரமா இருக்காம்மா?"

"ஆமாம்பா, காயறதே இல்ல."

"குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டு வந்தீங்களே, அப்பவுமா?"

"அப்பவும் இப்படியேதான் இருந்தது."

"அப்ப இது டேங்க்லேருந்து வர்ற லைன்மா. வேஸ்ட் லைனா இருந்தா நீங்க இல்லாதப்ப காஞ்சிருக்கும்."

அன்றைக்கு அவர் எதையும் உடைக்கவில்லை. பென்சில் ஒன்று வாங்கி, ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போனார். இன்றும் சுவரில் எங்கே ஈரம் கண்டாலும் நான் முதலில் செய்வது அதுதான். ஈரம் கோட்டைத் தாண்டுகிறதா, உள்ளே சுருங்குகிறதா, எந்த நாளில் எது நடக்கிறது என்று தினசரி காலண்டரில் குறித்துவைத்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

மேல் டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் இரவு பகல் பார்க்காமல் கசியும். கழிவுக் குழாய் அப்படியில்லை. குளித்த பிறகும் துணி துவைத்த பிறகும் ஈரம் கூடும், சோப்பு வாடையோ சாக்கடை வாடையோ லேசாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஊறும் சுவருக்கு மழைதான் காரணம். சித்திரை, வைகாசியில் மட்டும் ஊறினால் ஏ.சி.யின் டிரெயின் பைப்பைப் பாருங்கள். புழுக்கமான சென்னை இரவில் ஒரு ஏ.சி. ஒரு வாளித் தண்ணீரைக்கூடக் கக்கும். தரையிலிருந்து மேலேறும் ஓதம் இதிலெல்லாம் சேராது. அது சுவர் நெடுக ஏறக்குறைய ஒரே உயரத்தில், பெரும்பாலும் மூன்றடிக்குள், மேலே வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். திட்டாகவோ வட்டமாகவோ இருந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம்.

குழாய்தான் என்று தெரிந்துவிட்டால், உடைப்பதற்கு முன் ஓர் இரவு ஒதுக்க வேண்டும். முதலில் கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. சத்தமே இல்லாமல் தண்ணீர் போவது அங்கேதான் அதிகம். அந்த டேங்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். கோப்பையில் கலர் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். அது சின்னச் செலவு.

பிறகு மேல் டேங்கை நிரப்பி, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, படுக்கப் போகும்போது ஒரு நேர்க்குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடியும் அளக்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு டேங்கின் அடியில் இருக்கும் வால்வுகளையும் மூடிவிட்டு அளந்து பாருங்கள். வால்வை மூடியும் இறங்கினால் டேங்கே ஒழுகுகிறது. மூடினால் இறங்காமல் நின்றால் லைனில் ஓட்டை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழைய கேட் வால்வு முழுக்க மூடாது, பிளம்பர்கள் மொழியில் 'பாஸ்' ஆகும். ஆகவே பழைய வீட்டுக்காரர்கள் முதல் செலவாக ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பால் வால்வு போட்டுவிடுவது நல்லது. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தே எந்த லைன் என்று கண்டுபிடித்துவிடலாம். கசிவு வந்தாலும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் சமையலறை லைன் என்று தெரிந்ததும் பிளம்பர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தச் சொன்னார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் பதித்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். ஒரு குழாயாக நகர்ந்து, சிங்க்குக்கு மேலே வந்ததும் என்னைக் கூப்பிட்டு அதே மாதிரி கேட்கச் சொன்னார். மெல்லிய சீறல் ஒன்று விடாமல் கேட்டது. மறுநாள் அந்த இடத்தில் மட்டும் ஒரு முழ அளவுக்கு உடைத்தோம். எல்போவின் மரையோரத்தில் ஊசி போகும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டக்கூட இல்லை, புகையாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த செங்கல் கறுத்து, விரலால் அழுத்தினாலே பொடிந்தது. வெட்டியெடுத்த பைப் துண்டின் உள்ளே துருவும் உப்பும் படிந்து, ஒரு பென்சில் நுழையத்தான் இடம் இருந்தது.

ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சான துத்தநாகம் கரைந்த பிறகு இரும்பு உள்ளிருந்தே அரிக்கிறது. உப்பு போர் தண்ணீரில் அது இன்னும் வேகமாக நடக்கும். மரை வெட்டிய இடத்தில் பைப்பின் கனம் குறைவு, அதனால் ஓட்டை முதலில் அங்கே விழும். ஓர் எல்போ இந்த நிலைக்கு வந்துவிட்டால் அதே வயதுள்ள மற்ற எல்போக்களும் அதிகம் பின்தங்கியிருக்காது. ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய லைனின் இரண்டு முனையையும் பிளக் போட்டு அடைத்துவிட்டு, புது லைனைச் சுவருக்கு வெளியே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோவதே சரி. பார்வைக்கு அழகில்லை என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் குழாய் ஒழுகினால் அன்றைக்கே தெரியும். எனக்கு அதுதான் அழகு. கீசர் லைனுக்கு சி.பி.வி.சி.தான் போட வேண்டும், சாதாரண யு.பி.வி.சி. வெந்நீரைத் தாங்காது. சுவருக்குள் மறைக்க வேண்டிய இடம் இருந்தால், பூசுவதற்கு முன் இஞ்ச் டேப்பை நீட்டிப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவையுங்கள். பிற்காலத்தில் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கு நீங்கள் விட்டுச்செல்லும் வரைபடம் அது.

சம்ப்பைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. மண்ணுக்குள் கசியும் தண்ணீர் எந்தச் சுவரையும் நனைக்காது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு வீடு வீடாகக் காத்திருந்தபோதுதான், வாங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்று எங்கள் பக்கத்தில் பலரும் சம்ப்பைத் திறந்து பார்த்தார்கள். கணக்கு சுலபம். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, இறங்கிய மட்டத்தை மில்லிமீட்டரில் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர். எட்டு மணி நேர இரவில் அவ்வளவு போனால் நாளுக்கு 90, மாதத்துக்கு 2,700 லிட்டர். இன்னொன்றையும் கவனியுங்கள்: மட்டம் இறங்கிக்கொண்டே வந்து ஓர் உயரத்தில் நின்றுவிட்டால், விரிசல் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. சம்ப் முழுவதையும் கொத்திப் பூசாமல் அந்த மட்டத்தைச் சுற்றித் தேடினால் போதும். ஆனால் தேடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீர் வெளியே போகும் விரிசல் வழியாக மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை லைன் போனால் அதுவும் வரும். இது பணத்தைவிடப் பெரிய விஷயம், குழந்தைகள் குடிக்கும் தண்ணீர்.

மொட்டை மாடிக்கு வருவோம். குளியலறையையும் கான்கிரீட் தளத்தையும் தண்ணீர் கட்டிவைத்துச் சோதிக்கலாம். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸில் அதைச் செய்யவே வேண்டாம். கட்டைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் அவற்றின் மேல் பாரம் ஏற்றக் கூடாது. ஒவ்வொரு பகுதியாக நனைத்து, கீழே ஓர் ஆளை நிறுத்திப் பார்த்தால் போதும். கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசஞ்செடி முளைத்திருந்தால் கிள்ளிப் போடுவதில் பயனில்லை, வேரோடு எடுத்துவிட்டு அந்த விரிசலை அடைக்க வேண்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரமாக இணைத்த இறக்கு குழாய்களையும் ஒரு தடவை பாருங்கள். அஸ்திவாரத்தை ஒட்டியே தொட்டி இருந்தால் மாடித் தண்ணீர் முழுவதும் சுவரின் காலடியில் இறங்கும்.

கசிவை நிறுத்தியதும் பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் முழுக்கக் காய மாதக்கணக்கில் ஆகும். ஊறிய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சுவரைத் திறந்தபடி விட்டுவிடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவராக இருந்தால் அதன் மேல் சிமென்ட் பூசச் சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். அந்த ஈரம் பக்கத்தில் வேறோர் இடத்தில் வெளியே வரும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, மேல்வீட்டோடு வரும் மனக்கசப்பு. என் தங்கை வீட்டுக் குளியலறைக் கூரை சொட்டியபோது அவள் சண்டைக்குப் போகவில்லை. தேதியும் நேரமும் எழுதிய தாளோடு மேலே போய், "மாமி, நாளைக்கு நீங்க குளிச்சதும் நான் கீழேருந்து பாக்கறேன், ரெண்டு பேரும் சேந்து பாத்துடலாம்" என்றாள். குளித்துக் கால்மணி நேரத்தில் சொட்டு விழுந்ததை மாமியே கீழே வந்து பார்த்தார். அதற்குப் பிறகு செலவைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. ஊறிய சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால், மேலே சொன்ன சோதனைகளுக்கெல்லாம் முன்பாக அந்த லைனின் கரண்ட்டை மெயினில் நிறுத்தி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரச் சுவரைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். பழைய வீடுகள் பலவற்றில் ஃப்யூஸ் கேரியர் மட்டும்தான் இருக்கும். கரண்ட் கசிந்தால் நொடிக்குள் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை இந்த மழைக்காலத்துக்கு முன் போட்டுவிடுங்கள்.