பாவா ஆதம் மலைக்கு ஒரு வழித்துணை



நம் மெர்சிங்கில் நவம்பர் பிறந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் தியோமான் தீவுக்குப் போகும் படகுகள் குறைந்துபோகும். கடைத்தெருவில் வெளியூரார் நடமாட்டமும் குறையும். பிப்ரவரி கழியும் மட்டும் நம்மில் பலருக்கு வியாபாரம் மந்தம்தான். அந்த மாதங்களில்தான் சங்கத்தில் கூடும்போது பிரயாணப் பேச்சு எழும்புகிறது. இந்த முறை டில்லி, ஆக்ரா, அஜ்மீர், காஷ்மீரம் என்று சிலரும், இலங்கை மலைநாடு என்று சிலரும் பேசினார்கள். வழிகாட்டியோடு கூட்டமாய் அழைத்துப் போகும் கம்பெனிகளின் காகிதங்கள் மேசைமேல் கிடந்தன. எத்தனை நாள், எத்தனை வேளைச் சாப்பாடு, எந்த ஹோட்டல் எல்லாம் கண்டிருந்தது. நம்மை அழைத்துப் போகிறவர் யார், அந்தச் சீமை ஜனங்களிடம் அவருக்கு என்ன மதிப்பு என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. எனவே வழித்துணையைப் பற்றி ஒரு பாடம் எழுதலானேன். பாடத்துக்குரிய பிரயாணம் 1344-ஆம் ஆண்டில் நடந்தது. போனவர் இப்னு பதூதா.

இவர் மொராக்கோ தேசத்துத் தன்ஜா நகரில் 1304-ல் பிறந்தவர். இருபத்தொன்றாம் வயதில், 1325-ல், ஹஜ்ஜுக்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஹஜ்ஜு முடிந்தும் கால் நிற்கவில்லை. ஹிந்து குஷ் மலைகளைத் தரை மார்க்கமாய்த் தாண்டினார். பனியில் ஒட்டகங்களின் கால் புதையாதபடி முன்னால் கம்பளிகளை விரித்து விரித்து நடத்தினார்களாம். 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரை சேர்ந்தார்.

டில்லிக்குப் போகும் வழியில், கஜ்னியில் அவர் செய்த ஒரு வியாபாரத்தை நாம் கவனிக்க வேண்டும். டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கைக் காணப் போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது. கொடுத்த நஜராவுக்குப் பல மடங்கு சுல்தான் திருப்பிக் கொடுப்பார். இது தெரிந்த வியாபாரிகள் புதிதாய் வருகிறவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கடன் கொடுத்து, சுல்தானின் வெகுமதி வந்ததும் லாபத்தோடு வசூலித்தார்கள். அவ்விதமே தக்ரீத் ஊர்க்கார வியாபாரி ஒருவரிடம் இவர் முப்பது குதிரைகள் போலவும், ஒரு ஒட்டகச் சுமை அம்புகளும் வாங்கினார். பணம் பிற்பாடு கொடுபட்டது. வியாபாரிக்கு நல்ல ஆதாயம். இதனாலேயே அவர் பெரிய முதலாளிமாரில் ஒருவரானார் என்று இப்னு பதூதா எழுதுகிறார். இந்த வியாபாரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு தடவை வருவார்.

டில்லியில் காஜியாக இருந்ததையும், 1342-ல் சீனச் சக்கரவர்த்திக்குத் தூதராய்ப் புறப்பட்டுக் கள்ளிக்கோட்டையில் கப்பல்களை இழந்ததையும், மாலத்தீவில் காஜி உத்தியோகம் பார்த்ததையும் இங்கே விரித்தால் ஏடு கொள்ளாது. 1344 ஆகஸ்டில் மாலத்தீவிலிருந்து மஃபருக்கு, அதாவது நம் சோழமண்டலக் கரைக்கு, கப்பலேறினார். மூன்று நாள் ஓட்டம். நகுதாவுக்கு வழி சரியாய்த் தெரியாததால் ஒன்பது நாளாயிற்று. ஒன்பதாம் நாள் வானத்தில் புகைத்தூண்போல ஒரு மலை தெரிந்தது. அதுதான் இலங்கையின் ஆதம் மலை. நம்மவர் பாவா ஆதம் மலை, பாவாத மலை என்பர். ஹிந்துக்களுக்குச் சிவனொளிபாத மலை. பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாத. உயரம் 7,359 அடி.

எதிரே இருந்த கரை யாழ்ப்பாணத்துத் தமிழரசர் ஆரியச்சக்கரவர்த்தியுடையது. அவர் கடற்கொள்ளைக்குப் பேர்போனவர் என்று மாலுமிகள் இறங்க நடுங்கினார்கள். காற்றோ பலத்தது. இப்னு பதூதா தாமே கரைக்குப் போய் அபயம் வாங்கி வருவதாய்ச் சொல்லி இறங்கினார். மஃபர் சுல்தானுக்குத் தாம் உறவுமுறை என்று சொன்னார். அது உண்மைதான், இருவரும் சகோதரிகளை மணந்தவர்கள். அரசர் அப்போது புத்தளத்தில் இருந்தார். மரச்சுவரும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகான ஊர் அது. கரையெல்லாம் காட்டாறு அடித்து வந்த கறுவா மரங்கள் குன்றுபோல் குவிந்து கிடந்தன. மஃபர்க்காரரும் மலையாளத்தாரும் அவற்றை விலையில்லாமல் ஏற்றிப்போய், பதிலுக்கு அரசருக்குத் துணிமணி கொடுப்பார்களாம். கறுவாப்பட்டையை நிறுத்து விற்கும் நமக்கு இதைப் படித்தால் பெருமூச்சுத்தான் வரும்.

மாலுமிகள் பயந்த அந்த அரசர் விருந்தாளியை மூன்று நாள் உபசரித்தார். பார்ஸி பாஷை புரிந்தவர். முத்துக்களைக் காட்டிப் பேசினார், சிலவற்றைக் கொடுத்தார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவா ஆதமின் பாதத்தைக் காணவேண்டும் என்பதொன்றே இவர் கேட்டது. அது எளிது, கூட ஆள் அனுப்புகிறோம் என்றார் அரசர். நகுதாவோ, ஒரு வருஷமானாலும் இவர் திரும்பாமல் பாய் விரிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அதுவரை நகுதா தம் விருந்தாளி என்று அரசரும் ஏற்றார்.

அனுப்பிய ஆட்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். வருஷந்தோறும் அந்த மலைக்கு யாத்திரை போகும் யோகிகள் நால்வர். பிராமணர் மூவர். துணைக்குப் பத்துப் பேர். சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஏறிப்போகப் பல்லக்கும், அதைத் தூக்க ஆட்களும். மக்ரிபு தேசத்து ஆலிம் ஒருவருக்கு, ஆதம் நபியின் பாதம் காண, தமிழரசர் யோகிகளையும் பிராமணரையும் வழிகாட்டிகளாய் அனுப்புகிறார்! நமக்கும் அவர்களுக்கும் மலை ஒன்று, பெயர்தான் வேறு. வழியை வருஷந்தோறும் மிதித்தவன் எவனோ அவனையே அனுப்பவேண்டும் என்று அரசருக்குத் தெரிந்திருந்தது.

முதல் நாள் ஒரு ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தார்கள். அரசரின் எல்லையிலுள்ள ஊரில் அரிசி, நெய், மீன், கோழி, பால் எல்லாம் கிடைத்தன. அங்கே ஒரேயொரு முஸ்லிம் இருந்தார். நோயால் வழியில் தங்கிவிட்ட குராஸான்காரர். அவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். சலாவத்து என்னும் இன்றைய சிலாபத்துக்கு அப்பால் கரடுமுரடான காடு; யானைகள் அதிகம். அவை யாத்ரீகரைத் தொடுவதில்லை என்றார்கள். ஷீராஸ் நகரத்து ஷைகு இப்னு கஃபீஃப் முன்பு இந்த வழியைத் திறந்தாராம். அவருடைய தோழர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்ன, அவர் தடுத்துத் தாம் தின்னாமலிருந்தார். இரவில் யானைகள் வந்து மோந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்று, அவரை மட்டும் முதுகில் ஏற்றி ஊரில் கொண்டுபோய் விட்டனவாம். அன்றுமுதல் அந்நாட்டார் முஸ்லிம்களை வீட்டுக்குள் விட்டுக் கூட இருந்து சாப்பிடலானார்கள் என்பது வழியில் கேட்ட செய்தி. யானைக் கதையை அவரவர் இஷ்டம்போல் கொள்ளுங்கள். வீட்டுக்குள் விட்டார்கள் என்பதைத்தான் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு குனக்கார் என்னும் பெரிய அரசரின் தலைநகர். அது குருநாகலா, கம்பளையா, இரத்தினபுரியா என்பதில் சரித்திரக்காரர் ஒருமைப்படவில்லை. ஊருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷைகு உதுமான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. ஆதம் மலைக்கு வழிகாட்டி இவரே. இவர் ஒரு பசுவை அறுத்துவிட்டார். அந்த நாட்டுச் சட்டப்படி அதற்குத் தண்டனை மரணம். ஆனால் அரசரும் ஜனங்களும் அவரை மதித்திருந்ததால் உயிரை விட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் வாங்கினார்கள். அதற்கு மேலும் ஒன்று செய்தார்கள்: ஒரு சந்தையின் வரி வருமானத்தை அவர் ஜீவனத்துக்கு எழுதி வைத்தார்கள். அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டித் தொழிலைத் தொடர்ந்தார்கள். அரசரும் ஊராரும் அவரை ஜியாரத்துச் செய்து வந்தார்கள்.

நான் இந்த இடத்தைப் பலமுறை படித்துவிட்டேன். தண்டித்தவர்களே சந்தை வரியைக் கொடுக்கிறார்கள். தண்டனை பெற்றவரோ ஊரைவிட்டுப் போகவில்லை, பிள்ளைகளுக்கும் அந்தத் தொழிலையே கொடுக்கிறார். அயலூரில் கடை வைத்துப் பிழைக்கும் நம் போன்றவர்க்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டம் சரியா என்பது வேறு கேள்வி. அங்கே இத்தனை காலம் வாழ்ந்து, அதை அறிந்தும் அறுத்தாரா, அறியாமல் அறுத்தாரா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் கிதாபில் விடையில்லை.

அந்நாட்டில் மாணிக்கம் தோண்டுவார்கள். நூறு பணம் பெறுமானமுள்ள கல் அரசருக்கு. அவர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். அதற்குக் குறைந்தது தோண்டியவனுக்கு. அரபியில் அவர் 'ஃபனம்' என்று எழுதியது நம் 'பணம்'தான்.

கல் என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஜனவரி மாதம் ஒரு கூட்டத்தோடு நானும் இலங்கைக்குப் போனேன். எங்களை அழைத்துப் போனவர் மூன்று கல்லுக்கடைகளில் கடைக்கு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். நானும் கடைக்காரன், அவர் கைக்கு என்ன வருமென்று எனக்குத் தெரியாதா? மலை வந்தபோது நேரமில்லை என்றார். நல்லதண்ணி என்ற ஊரில் நாங்கள் மூவர் மட்டும் தங்கி, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ் வாலிபரைத் துணைக்கு அழைத்து, நடுநிசிக்குப் பின் ஏறினோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். என் முழங்கால் பாதியிலேயே முறையிட்டது. "நானா, மேலே பாக்காதீங்க, காலடியைப் பாருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சூரியன் உதித்தபோது மேலே இருந்தோம். இறங்கியதும், பேசிய கூலியோடு என் கடையிலிருந்து கொண்டுபோன டார்ச்சு விளக்கையும் கொடுத்தேன். லயத்துக்குப் போகும் பாதையில் விளக்கில்லை என்றார்.

இப்னு பதூதா ஏறிய வழி இதைவிடக் கடினம். மலைக்காட்டில் அட்டைகள் பாய்ந்து ஒட்டும். ஜனங்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருந்து, பிழிந்து, மரக்கத்தியால் வழித்தெடுப்பார்கள் என்கிறார். மலைக்கு இரண்டு பாதை: பாபா வழி, மாமா வழி, அதாவது ஆதம் வழியும் ஹவ்வா வழியும். மாமா வழி சுலபம். திரும்பும்போது அதில் இறங்குவார்கள். அதிலேயே ஏறினவன் யாத்திரை செய்தவனாகக் கணக்கில்லை. பாபா வழியில் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, பத்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தார்கள். அவருக்கு முன்னே வந்த மார்க்கோ போலோவும் இந்தச் சங்கிலிகளைச் சொல்கிறார். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்த்தவனுக்குத் தலை சுற்றி, விழுந்துவிடுவோமோ என்று தானாகக் கலிமா வாயில் வருமாம்.

அதற்கப்பால் கிழ்று நபியின் குகை. சாமான்களை அங்கே வைத்துவிட்டு உச்சிக்கு ஏறுவார்கள். மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைக் காண்பது வழக்கம். பாதம் பதினொரு சாண் நீளம் என்று எழுதுகிறார். பாறையில் ஒன்பது குழிகள். முஸ்லிமல்லாத யாத்ரீகர்கள் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் காணிக்கை போடுவார்கள். பக்கீர்கள் குகையிலிருந்து ஓட்டப்பந்தயமாய் ஓடி அதை எடுப்பார்களாம். இதையும் மறைக்காமல் எழுதினார். இவர்கள் போனபோது சில சிறு கற்களும் கொஞ்சம் பொன்னுமே கிடந்தன. அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாமா வழியாய் இறங்கித் தெற்கே தீனவர் வந்தார்கள். வியாபாரிகள் நிறைந்த பெரிய ஊர், பெருங்கோயில். இன்றைய தேவேந்திரமுனை அது. கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588-ல் இடித்தார்கள். பிறகு காலி. இந்தக் காலியில்தான் 1911-ல் ஒரு கல்வெட்டு அகப்பட்டது. மலாக்காவில் நாம் பேர் கேட்டிருக்கும் சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பார்ஸியில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இன்று கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. என் கூட்டத்தை அழைத்துப் போனவர் அதே கொழும்பில் அதைக் காட்டாமல் கல்லுக்கடை காட்டினார் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கொழும்பு வழியாய்ப் புத்தளம் திரும்பியபோது நகுதா சொன்ன சொல்படி காத்திருந்தார். மஃபர்க் கரைக்கருகில் கப்பல் உடைந்தது, உயிர் தப்பியது. பிற்பாடு மலையாளக் கடலில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் வளைத்து, இலங்கை அரசர் கொடுத்த கற்கள் உட்பட எல்லாவற்றையும் பறித்துக் காற்சட்டையோடு விட்டன. பல வருஷங்களுக்குப் பின் அலெப்போ நகரில் அந்தத் தக்ரீத்து வியாபாரியைச் சந்தித்தார். பறிகொடுத்து நின்ற இவருக்கு அவர் ஒரு உதவியும் செய்யவில்லை. 1355-ல் பாஸ் நகரில் சொல்லி எழுதுவித்த கிதாபில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், காத்திருந்த நகுதாவும், காசு வாங்கிய வியாபாரியும்.

போக எண்ணும் சகோதரர்கள் கவனத்துக்கு: மலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை. நம் கடல் அடங்காத மாதங்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே வருகின்றன. முழங்கால் நோயுள்ளவர்கள் ஹட்டன் பக்கம் நல்லதண்ணி வழியாகவும், திடமுள்ளவர்கள் இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலை வழியாகவும் ஏறலாம், பின்னது நெடியது. உச்சியில் விடியற்குளிர் கடுமை, கம்பளி வேண்டும். எலுமிச்சம்பழமும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டுமுன், அடுத்த கூட்டத்துக்குக் காகிதங்களைக் கொண்டுவாருங்கள். கூட வருகிற வழிகாட்டி அந்த மலையில் எத்தனை தடவை ஏறியிருக்கிறார் என்று ஒவ்வொரு கம்பெனியையும் கேட்டெழுதுவோம்.